நான்கு பேர், ஒரு கிராஃப் ஷீட், 600 சதுர அடி வீடு

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தப் புராஜெக்ட் புதிதல்ல. "நால்வர் குழுவாகச் சேர்ந்து ஓர் அபார்ட்மென்ட் வீட்டை வடிவமைக்கவும். அறைகளின் பரப்பளவு, சுற்றளவு, தரைக்குத் தேவையான டைல்ஸ் ஆகியவற்றைக் கணக்கிடவும். முடிவில், இந்தச் செயல்பாட்டின் மூலம் கற்றுக்கொண்டதை எழுதவும்."

முதல் இரண்டு வரிகளுக்கே வீடு அமளிதுமளியாகிவிடும். சார்ட் பேப்பர், கலர் பென்சில், தெர்மாகோல் என்று ஸ்டேஷனரி கடைக்கு இரண்டு நடை. யார் வீட்டில் கூடுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் நூறு மெசேஜ். மூன்றாவது வரி மட்டும் சமர்ப்பிக்கும் நாளன்று காலையில் ஸ்கூல் பஸ்ஸில் எழுதப்படும். 'வடிவியல் அன்றாட வாழ்வில் எவ்வளவு பயன்படுகிறது என்று தெரிந்துகொண்டோம். குழுவாகச் செயல்படுவதன் அவசியத்தை உணர்ந்தோம்.' நான்கு நோட்டிலும் அதே இரண்டு வாக்கியங்கள்.

ஆனால், அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொண்டது இதைவிட அதிகம். பல நேரம், கற்றுக்கொண்டோம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு குழுவை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியும்.

கூட்டல் சரி, வீடு தப்பு

குழுவில் நான்கு பேர். ஒரு மாணவி நன்றாக வரைவாள். ஒருவன் கணக்கில் கெட்டி. ஒருவன் வீட்டில் லேப்டாப் இருக்கிறது. நாலாவது பையன் அதிகம் பேசமாட்டான். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி. கிராஃப் ஷீட்டில் ஒரு கட்டம் ஓர் அடி.

கணக்குக்காரன் ஐந்தே நிமிடத்தில் பிரித்துவிடுகிறான். ஹால் 15 x 12, பெரிய பெட்ரூம் 12 x 12, சின்ன பெட்ரூம் 12 x 10, கிச்சன் 10 x 8, பாத்ரூம் இரண்டு, தலா 8 x 5. கூட்டினால் 604.

"நாலு சதுர அடிதானே, ஹால்ல குறைச்சுக்கலாம்."

வரையத் தொடங்கியதும்தான் சிக்கல். 600-க்குள் அடங்கும் எண்கள் எல்லாம் 20 x 30 செவ்வகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. 15 அடி ஹாலுக்குப் பக்கத்தில் மிஞ்சுவது 5 அடி. அதில் பாத்ரூம் போடலாம், பெட்ரூம் போட முடியாது. ஒரு பெட்ரூமுக்குப் போக இன்னொரு பெட்ரூமைக் கடக்க வேண்டியிருக்கிறது. நடப்பதற்கான பாதைக்கு யாரும் இடமே ஒதுக்கவில்லை.

அப்புறம் சுவர். பென்சில் கோட்டுக்குக் கனம் இல்லை. செங்கல் சுவருக்கு உண்டு. உள்சுவர்கள் மொத்தம் 60 அடி நீளம் வந்தால், நாலரை அங்குலக் கனத்துக்கே 22.5 சதுர அடி போய்விடும். வெளிச்சுவரை ஒன்பது அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 20 x 30 வீடு வெளியே இருந்து அளக்கும்போது 21.5 x 31.5 ஆகிவிடுகிறது. அதாவது 677.25 சதுர அடி. வெளிச்சுவர் மட்டும் 77 சதுர அடியைச் சாப்பிடுகிறது. இவர்கள் போட்ட கிச்சனே 80 சதுர அடிதான்!

ஃப்ளாட் வாங்கும் பெரியவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. 2016-ல் வந்த ரெரா சட்டம் 'கார்பெட் ஏரியா' என்பதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தளப்பரப்பு அது. உள்சுவர்களின் கனம் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் சேராது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவின் பங்கும் கலந்திருக்கக்கூடும். அந்த வித்தியாசத்தை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கிராஃப் ஷீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும்.

கதவுகளும் இடம் கேட்கும். மூன்றடிக் கதவைத் திறந்தால் அது தரையில் ஒரு கால் வட்டம் போடுகிறது. அதன் பரப்பு சுமார் 7 சதுர அடி. வாசல் கதவு, இரண்டு பெட்ரூம் கதவுகள், இரண்டரை அடியில் இரண்டு பாத்ரூம் கதவுகள் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 31 சதுர அடி. அந்த இடத்தில் எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது. காம்பஸை எடுத்து ஒவ்வொரு கதவுக்கும் கால் வட்டம் போட்டுப் பார்த்த குழு, பாதி வேலையை முடித்த மாதிரி.

சின்ன அறைக்கும் 30 டைல்ஸா?

அடுத்து டைல்ஸ். இரண்டடிக்கு இரண்டடி டைல் ஒன்று 4 சதுர அடியை மூடும். 12 x 10 அறைக்கு 120-ஐ 4-ஆல் வகுத்தால் 30. சுலபம்.

சுவர்க் கனம் போக அந்த அறை 11½ x 9½ ஆகச் சுருங்குகிறது. பரப்பு 109.25 சதுர அடி. நான்கால் வகுத்தால் 27.3. எனவே 28 டைல்ஸ் போதும் என்று விடை எழுதுவார்கள். ஆனால் தரையில் பதித்துப் பார்த்தால் 30 வேண்டும்.

காரணம், முழு டைல்கள் 20 பதித்த பிறகு இரண்டு ஓரங்களிலும் ஒன்றரை அடி மிச்சம் இருக்கும். அந்த ஓரங்களுக்கு 10 துண்டுகள் தேவை. இரண்டடி டைலில் இருந்து ஒன்றரை அடி வெட்டினால் மிஞ்சுவது அரை அடிப் பட்டை. அதை வைத்து இன்னொரு ஒன்றரை அடித் துண்டை உருவாக்க முடியாது. ஆகவே 20-உம் 10-உம் 30. அறை சின்னதாகியும் டைல்ஸ் எண்ணிக்கை குறையவில்லை. மேஸ்திரிகள் "கொஞ்சம் கூடவே வாங்கிடுங்க சார்" என்று சொல்வதில் உடைகிற கணக்கோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. மிஞ்சும் அரை அடிப் பட்டைகளைச் சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குப் பயன்படுத்திவிடுவார்கள்.

பாடப்புத்தகத்தில் பரப்பளவு என்பது ஓர் எண். இங்கே அது ஒரு வடிவம். இரண்டும் வேறு என்று தெரிந்துகொள்வது ஒரு முழு பாடத்துக்குச் சமம்.

வட்டமாகக் கட்டினால் மிச்சமாகுமே?

எல்லாக் குழுவிலும் இதைக் கேட்கும் ஒரு பிள்ளை உண்டு. கேள்வி சரியானதே. 600 சதுர அடியை 20 x 30 ஆகக் கட்டினால் சுற்றளவு 100 அடி. 12 x 50 ஆக நீட்டினால் 124 அடி. வட்டமாகக் கட்டினால் சுமார் 87 அடி போதும். சுவர் குறைந்தால் செங்கல்லும் குறையும்.

குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற லாரி பேக்கர் கேரளத்தில் வளைந்த சுவர்களை நிறையக் கட்டினார். திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ், சுருளாக மேலே ஏறும் உருளை. அங்கே மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. வளைந்த சுவருக்கு நேரான மேசை ஒட்டாது. வீட்டிலும் அப்படித்தான். வட்டச் சுவரில் பீரோவைச் சாய்த்தால் பின்னால் ஒரு பிறைச் சந்து விழும். பத்து வீடுகளை ஒட்டி அடுக்கும் அபார்ட்மென்ட்டில் வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இடம் வீணாகும். செவ்வகம் ஜெயித்தது அழகினால் அல்ல, அடுக்க வசதியாக இருப்பதால்.

கிச்சனை யாரிடம் கேட்டு வரைந்தார்கள்?

பிள்ளைகள் வரையும் பிளானில் இடம் பற்றாதபோது முதலில் குறைக்கப்படுவது கிச்சன். இரண்டு பையன்கள் சேர்ந்து ஹாலில் டி.வி-க்கு இடம் தேடும்போது, 10 x 8 கிச்சன் 8 x 6 ஆகிவிடும். நேஷனல் பில்டிங் கோட், சாதாரண வீடுகளுக்குக் கிச்சன் குறைந்தது 5 சதுர மீட்டர், அதாவது சுமார் 54 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது. அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. 8 x 6 என்றால் 48. விதியிலேயே தோற்றுவிடுகிறது.

கிச்சனை அளந்து வடிவமைத்ததற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 3.4 x 1.9 மீட்டரில் ஒரு சமையலறையை உருவாக்கினார். 70 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அலமாரியையும் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. நடை குறைந்தது. ஆனால், அந்தச் சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியும். உதவிக்கு வருபவர் வாசலிலேயே நிற்க வேண்டும் என்ற விமர்சனம் பின்னாளில் வந்தது.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருந்தால் நல்லது என்பது வடிவமைப்பாளர்கள் சொல்லும் பொது அளவு. பிள்ளைகள் ஓர் இன்ச் டேப்போடு தங்கள் வீட்டு கிச்சனுக்குள் போய் இந்த முக்கோணத்தை அளந்து பார்க்கலாம். போகிற போக்கில், "கிரைண்டர் எங்க இருக்கணும்மா? அரிசி டிரம் எங்க இருந்தா உனக்கு வசதி?" என்று கேட்கலாம். அந்த வீட்டில் பல வருடங்களாக யாரும் கேட்காத கேள்வியாகக்கூட அது இருக்கலாம். சமைப்பது அப்பா என்றால், கேள்வி அவருக்கு.

பாட்டிக்கு ஒரு வட்டம்

வரைகிற மாணவியின் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து, சக்கர நாற்காலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிளானைப் பார்த்த பாட்டி கேட்கிறார். "எல்லாம் சரி கண்ணு. இந்த பாத்ரூமுக்குள்ள நான் எப்படிப் போவேன்?"

சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவை. கிட்டத்தட்ட ஐந்தடி. பாத்ரூம் 8 x 5. வட்டத்தை வெட்டி எடுத்து பிளானில் வைத்துப் பார்க்கிறார்கள். அகலத்தில் இரு சுவரையும் உரசிக்கொண்டு நிற்கிறது. பூச்சும் டைல்ஸும் ஏறினால் அதுவும் இடிக்கும். நீளத்தில் ஒரு பக்கம் கம்மோடு, மறுபக்கம் வாஷ்பேசின். கதவு வேறு உள்பக்கமாகத் திறந்து கால் வட்டம் போடுகிறது. வட்டத்தின் மேல் வட்டம்.

மூன்று மாற்றங்கள் தேவைப்படுகின்றன. கதவு வெளியே திறக்க வேண்டும், அதன் வழியும் இரண்டரை அடி போதாது, 900 மில்லிமீட்டர் வேண்டும். வாஷ்பேசின் வெளியே போக வேண்டும். அகலம் ஐந்தரை அடி ஆக வேண்டும். மூன்றாவதற்கான விலை வெறும் 4 சதுர அடி. ஹாலில் இருந்து எடுத்துக்கொள்ளலாம்.

4 சதுர அடி என்பது ஒரே ஒரு டைல். அது இருந்தால் ஒரு வயதானவர் யாரையும் கூப்பிடாமல் பாத்ரூம் போய் வரலாம். இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். வட்டத்தின் விட்டம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

நாலாவது பையன்

இவ்வளவு நேரமும் அந்த நாலாவது பையன் பேசவில்லை. 'அட்டாச்டு பாத்ரூம் யாருக்கு?' என்று மற்ற மூவரும் சண்டை போடும்போது அவன் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வீடு 10 x 12-ல் ஒரே அறை. காலையில் கிச்சன், பகலில் ஹால், ராத்திரியில் பெட்ரூம். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சின்ன பெட்ரூமில் கட்டிலையும் பீரோவையும் வரைந்து முடித்த பிறகு அவன் சொல்கிறான். "பீரோவைத் திறந்தா நிக்க இடம் இல்லடா. கட்டில் மேல ஏறித்தான் துணி எடுக்கணும்."

கணக்குக்காரன் போட்டுப் பார்க்கிறான். அறையின் அகலம் ஒன்பதரை அடி. கட்டில் ஆறரை. மிச்சம் மூன்று. பீரோவின் ஆழம் ஒன்றரை. மிச்சம் ஒன்றரை. மூன்றடி அகல இரட்டைக் கதவு பீரோவின் ஒரு கதவு ஒன்றரை அடி. திறந்தால் கட்டிலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆள் நிற்க இடம் பூஜ்யம்.

பார்முலா எதுவும் இல்லாமல் அவன் அதைக் கண்டுபிடித்தது, தினமும் அந்த நெருக்கடியில் வாழ்வதால். பாயை எந்த மூலையில் சுருட்டி வைத்தால் கதவு திறக்கும், கொடிக்கயிறு எவ்வளவு உயரத்தில் இருந்தால் தலையில் இடிக்காது என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். குழுவிலேயே இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவன் அவன்தான். ஆனால் 'உன் கனவு வீட்டை வரை' என்று கேட்டால், அவன் வாய் திறக்க வழியே இல்லை.

கனவு வீட்டுக்குப் பதில்

ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. 'கனவு வீடு' என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பில் நடப்பது வடிவியல் போட்டியல்ல. யார் வீட்டில் எத்தனை ஏ.சி. என்ற போட்டி. நீச்சல் குளமும் ஹோம் தியேட்டரும் வரைந்த சார்ட் சுவரில் தொங்கும். இன்னொரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி ஒரு பொய்யை உருவாக்கிக்கொள்ளும்.

தலைப்பை இப்படி மாற்றிப் பார்க்கலாம். 'நான்கு பேர் வாழ 30 சதுர மீட்டரில் வீடு.' இது ஆகாயத்தில் இருந்து வந்த அளவல்ல. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் நகர்ப்புற ஏழைகளுக்கான வீட்டுக்குச் சொல்லப்பட்ட கார்பெட் ஏரியா இது. 323 சதுர அடி. நேஷனல் பில்டிங் கோட் சாதாரண வீட்டுக்குக் கேட்கும் குறைந்தபட்சத்தைப் போட்டுப் பார்த்தால், ஓர் அறை 9.5, இன்னோர் அறை 7.5, கிச்சன் 5, சேர்ந்த பாத்ரூம் - டாய்லெட் 2.8 சதுர மீட்டர். கூட்டினால் 24.8. மிச்சம் 5.2. அதில்தான் உள்சுவர், நடைபாதை, துணி துவைக்கும் இடம், செருப்பு விடும் இடம் எல்லாம்.

இது கடினமான கணக்கு. எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் நியாயமான கணக்கும்கூட. இதில் நாலாவது பையன்தான் குழுத் தலைவன்.

கடைசிப் பத்தியில் எழுத...

'என்ன கற்றுக்கொண்டாய்?' என்ற பெரிய கேள்விக்குப் பிள்ளைகள் பெரிய பொய்யைத்தான் எழுதுவார்கள். கேள்வியைச் சின்னதாக்கினால் உண்மை வரும்.

* எந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைந்தீர்கள்? ஏன்?
* உங்கள் யோசனையை மாற்றியது குழுவில் யார்? அவர் சொன்னது என்ன?
* யாருடைய வசதிக்காக யாருடைய இடம் குறைந்தது?
* நீங்கள் செய்யாத வேலை எது? அதைச் செய்தது யார்?

நாலாவது கேள்வி முக்கியமானது. குழு புராஜெக்ட் என்றாலே ஒரு பிள்ளை ராத்திரி கண் விழித்து வரைய, மற்ற மூவர் பெயர் மட்டும் எழுதும் வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அழும்போது, "பரவாயில்லை விடு, மார்க் வந்துச்சுல்ல" என்று பெற்றோர் சமாதானம் செய்வார்கள். அதற்குப் பதில், பிளானின் பின்பக்கம் யார் எதைச் செய்தார்கள் என்று நால்வரும் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை ஆசிரியர் கொண்டுவந்தாலே பாதிச் சண்டை தீரும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தெர்மாகோல் மாடலை நீங்கள் வெட்டிக் கொடுக்காதீர்கள். ஆப்பில் அறையை இழுத்துவிட்டால் அளவு தானாக விழும் என்று லேப்டாப்பையும் முதல் நாளே திறந்துவைக்காதீர்கள். கோணலாக வந்தாலும் முதல் பிளான் அவர்கள் கையால் வரட்டும். தப்பான பிளானில்தான் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

இன்னும் ஒன்று செய்யலாம், இதற்குச் செலவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் தாழ்ந்த பிறகு, மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ அந்த 30 சதுர மீட்டர் வீட்டை முழு அளவில் சாக்பீஸால் வரையுங்கள். 5 மீட்டருக்கு 6 மீட்டர். மூலை சரியாக வர மேஸ்திரிகள் செய்வதுபோல நூல் பிடிக்கலாம். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே 5 வந்தால் அது செங்கோணம். கடைசியில் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய 7.81 மீட்டர் வந்தால் வீடு நேராக இருக்கிறது.

பிறகு கட்டில் இருக்கும் இடத்தில் ஒருவர் படுத்துப் பாருங்கள். கிச்சனில் இரண்டு பேர் நின்று பாருங்கள். பீரோவைத் திறப்பதுபோல் கையை நீட்டிப் பாருங்கள். பாட்டி இருந்தால் அழைத்து வாருங்கள். எந்தச் சுவரைத் தள்ளிப்போட வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். சாக்பீஸ் சுவர்தானே, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.